தொழில் வீடியோக்களை நம்ம ஆட்கள் மட்டும் பார்க்கிற மாதிரி வைப்பது எப்படி? (கம்பம், வண்டன்மேடு ஏலக்காய் ஸ்டோர்)

கேட்டவர்: கம்பம்மெட்டு

வணக்கம். கம்பத்தில் ஆபீஸ், மலைக்கு மேலே வண்டன்மேடு பக்கம் இரண்டும் நெடுங்கண்டம் பக்கம் ஒன்றுமாக மூன்று ஏலக்காய் ஸ்டோர் (பச்சைக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் இடம்). மொத்தம் 70 பேர். பாதிப் பேர் தினமும் ஜீப்பில் மேலே போய் வருகிறவர்கள், மீதிப் பேர் அங்கேயே தங்கியிருக்கும் மலையாளிகளும் வடமாநிலத்தவரும்.

எங்களிடம் 40 வீடியோ இருக்கிறது, சராசரியாக 6 நிமிடம். ட்ரையரில் சூட்டை எப்படி ஏற்றி இறக்குவது, தட்டில் பச்சைக்காயை எவ்வளவு கனத்துக்குப் பரப்புவது, பாலிஷ் மெஷினை எப்படிக் கழற்றி மாட்டுவது, 7 மில்லி 8 மில்லி சல்லடையில் தரம் பிரிப்பது, இப்படி. இதில் ட்ரையர் வீடியோதான் முக்கியம். எங்கள் காய்க்கு நிறம் நிற்பதற்கான காரணமே அதில் இருக்கிறது. இது தவிர, பையர்களுக்கு அனுப்பும் ஒன்றிரண்டு நிமிட லாட் (விற்பனைக்கு வைத்த சரக்கு) வீடியோ, மாதாமாதம் நடக்கும் விலைக் கூட்டத்தின் ரெக்கார்டிங்.

இதுவரை யூடியூபில் அன்லிஸ்டட் போட்டு லிங்கை வாட்ஸ்அப் குரூப்பில் கொடுத்தோம். வேலையை விட்டுப் போனவர் மூலமாக ட்ரையர் வீடியோ இன்னொரு ஸ்டோரில் ஓடுகிறது. பாஸ்வேர்ட் போட்டால் போதுமா, காசு கொடுத்து வாங்கும் சேவை வேண்டுமா, டிஆர்எம் என்று ஒரு பூட்டு முறை சொல்கிறார்களே அது தேவையா? மேலே ஸ்டோரில் சிக்னல் சுமார்தான் என்பதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்.

---

பதில் 1: லோயர்கேம்ப்

அண்ணே, லிங்க் என்பது விலாசம், பூட்டு இல்லை. அன்லிஸ்டட் என்றால் தேடினால் வராது, அவ்வளவுதான். லிங்க் யார் கையில் இருந்தாலும் ஓடும், அவர் யாருக்கு அனுப்பினாலும் ஓடும். யூடியூபே 2017-க்கு முன்னால் ஏற்றிய அன்லிஸ்டட் வீடியோக்களை 2021 ஜூலையில் பிரைவேட்டாக மாற்றியது. பழைய லிங்குகளை யூகித்துக் கண்டுபிடிக்க வாய்ப்பு இருந்ததுதான் காரணம். இப்போதுள்ள லிங்குகளை யூகிப்பது கடினம், ஆனால் உங்கள் சிக்கல் யூகிப்பது இல்லையே, ஃபார்வர்ட் செய்வது.

எல்லா வீடியோவுக்கும் சேர்த்து ஒரு பொதுப் பாஸ்வேர்ட் போட்டாலும் இதே கதைதான். லிங்கோடு பாஸ்வேர்டும் சேர்ந்து ஃபார்வர்ட் ஆகும். ஒருவர் வேலையை விட்டால் 70 பேருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும், அதனால் யாரும் மாற்ற மாட்டார்கள். பூட்டு ஆளுக்கு ஆள் தனியாக இருக்க வேண்டும். ஒரு ஆளை நீக்கினால் அவருக்கு மட்டும் அடைபட வேண்டும், மற்றவர்களுக்குத் தெரியக்கூடக் கூடாது. நீங்கள் எதை வாங்கினாலும் இந்த ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் வீடியோக்களை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மூன்று வகையாகப் பிரித்தால் செலவும் குறையும்.

விலைக் கூட்டத்தின் ரெக்கார்டிங்கை ஐந்தாறு பேர்தான் பார்ப்பார்கள். இதற்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ் அல்லது மைக்ரோசாஃப்ட் 365 போதும். மைக்ரோசாஃப்டில் பழைய ஸ்ட்ரீம் தளம் 2024-இல் மூடப்பட்டது, இப்போது வீடியோக்கள் ஷேர்பாயின்ட், ஒன்டிரைவில்தான் உட்காருகின்றன. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஸ்ட்ரீமைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கூகுள் என்றால் ஷேர்டு டிரைவ் இருக்கும் பிளான் வாங்குங்கள். பிசினஸ் ஸ்டார்ட்டரில் அது கிடையாது, பிசினஸ் ஸ்டாண்டர்டிலிருந்துதான் உண்டு. ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு ஊழியரின் சொந்த ஜிமெயிலில் ஏற்றினால் அந்தக் கோப்புக்கு அவர்தான் சொந்தக்காரர். அவர் போகும்போது கோப்பும் போகும், அவர் கொடுத்த அனுமதியெல்லாம் அப்படியே நிற்கும். ஷேர்டு டிரைவில் கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தம்.

டிரைவில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, 'லிங்க் உள்ள எவரும்' என்பதை 'கட்டுப்படுத்தப்பட்டது' என்று மாற்றி, மின்னஞ்சல் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். இரண்டு, பார்வையாளர்கள் டவுன்லோட் செய்யலாம் என்ற டிக்கை எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் விவரம் தெரிந்தவர் பிரவுசர் வழியாக வீடியோவை உருவிவிடலாம். அதனால்தான் ட்ரையர் வீடியோவுக்கு டிரைவைச் சொல்லவில்லை, கூட்டத்துக்கு மட்டும் சொல்கிறேன்.

பையருக்குப் போகும் லாட் வீடியோ வேறு ரகம். துபாயிலோ சவுதியிலோ இருப்பவரை உங்கள் தளத்தில் லாகின் செய்யச் சொல்ல முடியாது. இரண்டாவது நாளே 'வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்' என்பார். அவருக்கு 72 மணி நேரத்தில் காலாவதியாகும் லிங்க், வீடியோவின் குறுக்கே அவர் கம்பெனி பெயர். அது போதும். இந்த வீடியோ வெளியே போனால் உங்களுக்கு ஆகும் சேதம் என்ன என்று பாருங்கள்: காயின் நிறமும் பருமனும் தெரியும், அவ்வளவுதான். புற்றடியிலும் போடியிலும் ஏலத்துக்கு வந்தால் சாம்பிள் எல்லோர் கைக்கும் போகத்தான் போகிறது. ஆபத்து காயில் இல்லை, பின்னணியில் இருக்கிறது. அடுத்த பையரின் மூட்டையில் எழுதிய லாட் நம்பர், சுவரில் சாக்பீஸால் எழுதிய எடை, ஓரத்தில் மேஜை மேல் விரிந்து கிடக்கும் பில் புத்தகம், 'இதை என்ன ரேட்டுக்குப் போடலாம்' என்று பின்னால் கேட்கும் குரல். லாட் வீடியோவுக்கு ஒலியே வேண்டாம், எடுத்துவிடுங்கள். படம் எடுக்கும்போது வெள்ளைத் துணி விரித்த ஒரே மேஜையில், சுவர் தெரியாமல், மேலிருந்து கீழாக எடுக்கச் சொல்லுங்கள்.

போனில் எடுத்த வீடியோவில் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் ஒளிந்திருக்கும். கேமரா செட்டிங்கில் லொகேஷன் டேக்கை அணைத்துவிடுவது நல்லது.

மூன்றாவது வகை பயிற்சி வீடியோ. 70 பேர், ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், விஷயமும் கனமானது. அதற்கான விவரத்தை இங்கே ஸ்ட்ரீமிங் வேலை பார்ப்பவர்கள் இன்னும் சரியாகச் சொல்வார்கள்.

---

பதில் 2: வாளையார்பாலம்

பயிற்சி வீடியோ பகுதியை நான் சொல்கிறேன்.

முதலில் வீடியோ எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் எங்கே ஓட்டை விழும் என்பதும் தெரியும். ஒரு எம்பி4 கோப்பை அப்படியே தளத்தில் வைத்தால், அதன் முகவரி கிடைத்தவர் முழுக் கோப்பையும் எடுத்துக்கொள்வார். அதனால் வீடியோவை 6 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒரு பட்டியல் கோப்போடு அனுப்புவார்கள். இதுதான் எச்எல்எஸ், ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்தது. சிக்னலுக்கு ஏற்ப தரத்தைக் கூட்டிக் குறைப்பதற்காக வந்த முறை, பாதுகாப்புக்காக அல்ல. பாதுகாப்பு அதன்மேல் நாம் போடும் மூன்று அடுக்கில் இருக்கிறது.

முதல் அடுக்கு, கையெழுத்திட்ட லிங்க். உங்கள் சர்வர் ஆளைச் சரிபார்த்த பிறகு, காலாவதி நேரமும் ஒரு ரகசியச் சாவியால் போட்ட முத்திரையும் சேர்ந்த லிங்கை உருவாக்கும். ஒரு எழுத்தை மாற்றினாலும் 403 (அனுமதி இல்லை) என்று திருப்பிவிடும். நேரம் முடிந்தாலும் அப்படியே. குரூப்பில் ஃபார்வர்ட் செய்தால் சிறிது நேரத்தில் செத்த லிங்க் ஆகிவிடும். உங்களுக்கு நடந்த கசிவை இந்த ஒரு அடுக்கே பெரும்பாலும் நிறுத்திவிடும்.

இதில் வழக்கமாக நடக்கும் தப்புகள்:

பட்டியல் கோப்புக்கு மட்டும் கையெழுத்துப் போட்டு, துண்டுகளைத் திறந்து விடுவது. துண்டின் முகவரியைக் குறித்துக்கொண்டால் லாகினே இல்லாமல் எடுக்கலாம். அமேசான் எஸ்3 என்ற இணையச் சேமிப்பில் வைத்து நீங்களே செய்வதாக இருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டு மாளாது. அமேசானின் விநியோகச் சேவையான கிளவுட்ஃபிரன்ட்டின் கையெழுத்திட்ட குக்கியை (பிரவுசரில் உட்காரும் அனுமதிச் சீட்டு) பயன்படுத்த வேண்டும். அந்த குக்கியும் உங்கள் சொந்த டொமைனின் கிளை முகவரியிலிருந்து வர வேண்டும். வேறு டொமைனிலிருந்து வந்தால் ஐபோன் சஃபாரி தூக்கி எறிந்துவிடும். 'ஆண்ட்ராய்டில் ஓடுகிறது, ஐபோனில் கறுப்பாக நிற்கிறது' என்று வரும் புகார்களில் பல இதனால்தான்.

காலாவதி நேரத்தை மிகக் குறைவாக வைப்பது. 6 நிமிட வீடியோவுக்கு 5 நிமிடம் வைத்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் நின்றுபோக வாய்ப்பு உண்டு. நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் ஆளையும் கணக்கில் எடுத்து 1 மணி நேரம் வையுங்கள்.

லிங்கை ஐபி முகவரியோடு (நெட்டில் அந்தப் போனின் விலாசம்) கட்டிப்போடுவது. கேட்க நன்றாக இருக்கும், மொபைல் டேட்டாவில் நிற்காது. அதிலும் குமுளி, கம்பம்மெட்டு மாதிரி எல்லையில் போன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் தாவிக்கொண்டே இருக்கும் இடத்தில், ஐபி நடுவில் மாறலாம். உங்களுக்கு அது வேண்டாம்.

தம்ப்நெயில் படம் பூட்டில்லாமல் கிடப்பது. சில சேவைகளில் வீடியோவைப் பூட்டினாலும் முகப்புப் படம் பொதுவில் இருக்கும். ட்ரையரின் வெப்பமானி காட்டும் ஃபிரேமை முகப்புப் படமாக வைத்துவிடாதீர்கள்.

எந்த டொமைனில் மட்டும் ஓடலாம் என்று பூட்டும் வசதி பெரும்பாலான சேவைகளில் உண்டு. போட்டு வையுங்கள், அடுத்தவர் தன் தளத்தில் உங்கள் வீடியோவை ஒட்டுவதைத் தடுக்கும். ஆனால் அந்தச் சோதனை பிரவுசர் சொல்லும் தகவலை நம்பித்தான் நடக்கிறது, அதைப் போலியாகச் சொல்ல முடியும். அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

இரண்டாவது அடுக்கு, டிஆர்எம். கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டின் பிளேரெடி என்று மூன்று. வீடியோ பூட்டியே வந்து, சாதனத்துக்குள் மட்டும் திறக்கும், சாவி பார்ப்பவர் கைக்கு வராது. சாதாரண ஏஇஎஸ்-128 என்கிரிப்ஷன் பூட்டில் சாவியும் லாகின் செய்தவரின் பிரவுசருக்கே வந்துவிடும், டவுன்லோட் மென்பொருள் அதை எடுத்துத் திறந்துகொள்ளும். டிஆர்எம்மில் அந்த வழி அடைபடுகிறது. ஐபோனில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டால் கறுப்பாக விழும். ஆண்ட்ராய்டில் உங்கள் சொந்த ஆப்பாக இருந்தால் ரெக்கார்டிங்கைத் தடுக்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் குரோமில் வைட்வைன் பெரும்பாலும் எல்3 என்ற மென்பொருள் மட்டத்தில்தான் ஓடுகிறது, அங்கே ரெக்கார்டிங்கில் படம் விழ வாய்ப்பு உண்டு. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் எல்3தான். ஆகவே கனமான வீடியோக்களை போனில் மட்டும், ஆப்பில் மட்டும் என்று வைப்பவர்கள் உண்டு.

இன்னொரு போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தால் உலகத்தில் எந்த டிஆர்எம்மும் தடுக்காது. அதற்குத்தான் மூன்றாவது அடுக்கு, வாட்டர்மார்க். பார்ப்பவரின் பெயரோ போன் நம்பரின் கடைசி 4 இலக்கமோ திரையில் நகர்ந்துகொண்டே இருக்கும். மூலையில் போட்டால் வெட்டிவிடுவார்கள். நடுப்பகுதியில், 15 முதல் 20 சதவீதம் அடர்த்தியில், சில நொடிக்கு ஒரு இடமாக மாற வேண்டும். வலைப்பக்கத்தின் மேலே மிதக்கும் எழுத்தாக இருந்தால் விவரம் தெரிந்தவர் நீக்கிவிடுவார். வீடியோவிலேயே எரித்த எழுத்தை நீக்க முடியாது. 70 பேருக்கும் 40 வீடியோவை எரித்தால் 2,800 கோப்பு ஆகும், அது வேண்டாம். ஸ்டோர் வாரியாக மூன்று பிரதி எரித்தால் 120 கோப்புதான். கசிந்தால் எந்த ஸ்டோர் என்றாவது தெரியும். ஆள் பெயர் மிதக்கும் எழுத்தாக வரட்டும், இரண்டும் சேர்ந்தால் நல்ல பலன்.

உங்களுக்கு டிஆர்எம் தேவையா என்றால், 40-க்கும் தேவையில்லை. ட்ரையர் வீடியோ நாலைந்துக்குத் தேவை. பாலிஷ் மெஷினைக் கழற்றுவது அதன் மேனுவலிலேயே இருக்கும், அதற்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

செலவுக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கிறேன். கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீம் என்ற வீடியோ சேவையில் சேமிப்புக்கு 1,000 நிமிடத்துக்கு மாதம் 5 டாலர், பார்ப்பதற்கு 1,000 நிமிடத்துக்கு 1 டாலர். உங்களிடம் 40 × 6 = 240 நிமிடம். தமிழ், மலையாளம், இந்தி என்று மூன்று குரலில் தனித்தனிக் கோப்பாக வைத்தாலும் 720 நிமிடம், 5 டாலருக்குள் அடங்கும். 70 பேரும் ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்தால் 16,800 நிமிடம், ஏறக்குறைய 17 டாலர். ஆக முதல் மாதம் 22 டாலர், பிறகு புது ஆட்கள் பார்ப்பதற்கு மட்டும். அங்கே கையெழுத்திட்ட லிங்க் உண்டு. டிஆர்எம்மும் நகரும் வாட்டர்மார்க்கும் சேர்ந்தே வேண்டுமென்றால் விடியோசைஃபர் மாதிரி இந்தியச் சேவைகளைக் கேளுங்கள், ரூபாயில் பில் வருமா என்றும் கேளுங்கள். வாங்கும் அன்றைய விலைப்பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டாலரில் கட்டும் சேவை என்றால் கார்டில் மாதாமாதம் தானாகப் பிடிப்பது இந்திய வங்கிகளில் தடைபடுவது சகஜம். 2021 அக்டோபரில் கார்டில் தானாகப் பணம் பிடிப்பது பற்றிய ரிசர்வ் வங்கியின் விதி வந்ததிலிருந்து அப்படித்தான். பணம் போகாவிட்டால் வீடியோ நின்றுவிடும். முன்பணமாகவோ வருடச் சந்தாவாகவோ கட்டும் வழி இருந்தால் அதை எடுங்கள். வெளிநாட்டுச் சேவைக்கு ஜிஎஸ்டியை நீங்களே கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் வரும், ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

---

கம்பம்மெட்டு

ரொம்ப நன்றி, வகை பிரிப்பது மனதில் படிந்துவிட்டது. மூன்று சந்தேகம். ஒன்று, லாகினுக்கு எஸ்எம்எஸ் ஓடிபி வைக்கலாமா? பல பேருக்கு மின்னஞ்சல் கிடையாது. இரண்டு, வடமாநிலத் தொழிலாளிகள் நாலு பேருக்கு ஒரு போன் என்று வைத்திருக்கிறார்கள். மூன்று, நெடுங்கண்டம் பக்க ஸ்டோரில் மழைக்காலத்தில் நெட் பாதி நாள் இருக்காது. அங்கே என்ன செய்வது?

---

பதில் 3: புளியரை (செங்கோட்டை)

அண்ணாச்சி, நெட் இல்லாத ஸ்டோருக்கு வீடியோவை மேலேயே கொண்டுபோய் வச்சிருங்க. இது ரொம்ப எளிது, செலவும் குறைவு.

கணக்கு பாருங்க. 720பி, நொடிக்கு 1.5 மெகாபிட் என்று வைத்தால் நிமிடத்துக்கு 11 எம்பி சொச்சம். 240 நிமிடம் 2.7 ஜிபி. மூன்று மொழிக்கும் சேர்த்து 8 ஜிபி. ஒரு பழைய கம்ப்யூட்டரோ ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரோ போதும். அதில் ஜெல்லிஃபின் என்ற இலவச மீடியா சர்வரைப் போடுங்க. ஆளுக்கு ஒரு கணக்கு, ஒவ்வொரு கணக்குக்கும் எந்த ஃபோல்டர் தெரியலாம் என்று தனித்தனியாக வைக்கலாம். டவுன்லோட் அனுமதி என்ற டிக்கை ஒவ்வொரு கணக்கிலும் எடுத்துருங்க, முதலில் அது போட்டே இருக்கும்.

வீடியோவை முன்னாலேயே எச்.264 என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றி வச்சிருங்க. ஐபோனும் இப்போதைய ஆண்ட்ராய்டு சிலவும் எச்.265-இல் எடுக்கும், பழைய போன் பிரவுசரில் அது ஓடாது. ஓடாத கோப்பை சர்வர் அந்த நேரத்தில் மாற்றப் பார்க்கும். ராஸ்பெர்ரி பை 5-இல் எச்.264 ஆக்கும் ஹார்டுவேர் கிடையாது, ப்ராசசர் மூச்சுத் திணறும், படம் விக்கும். வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் சிஆர்எஃப் (தர அளவு) 23, 720பி, ஒலி மோனோ 64 கேபிபிஎஸ், நிலையான 25 ஃபிரேம், ஃபாஸ்ட்ஸ்டார்ட் (முழுசும் இறங்கும் முன்னாலேயே ஓடத் தொடங்கும் அமைப்பு) போட்டு எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிருங்க. போனில் எடுத்ததில் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், அதை நிலையாக்காவிட்டால் கடைசியில் வாய் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் போகும். மெட்டாடேட்டாவை நீக்கும் கட்டளையையும் அதிலேயே சேர்த்தால் ஜிபிஎஸ் குறிப்பும் போயிரும்.

பெட்டியை ட்ரையர் ரூமிலோ அதை ஒட்டிய சுவரிலோ வைக்காதீங்க. உள்ளே 50 டிகிரி ஓடுது, ஈரமும் சேர்ந்து அடிக்கும். சின்னப் பெட்டிகள் 80 டிகிரிக்கு மேல் போனால் தானே வேகத்தைக் குறைக்கும், கனெக்டரில் பச்சை பிடிக்கும். கணக்கு எழுதுற ரூமில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், ஒரு சின்ன யுபிஎஸ்ஸோடு வையுங்க. மெமரி கார்டில் ஓட்டாமல் எஸ்எஸ்டியில் ஓட்டுங்க, கரன்ட் போய்ப் போய் வந்தால் முதலில் சாகிறது கார்டுதான்.

யாராவது பெட்டியையே தூக்கிட்டுப் போனால்? அதனால் டிஸ்க்கை லக்ஸ் (லினக்ஸின் டிஸ்க் பூட்டு) முறையில் முழுசாக என்கிரிப்ட் பண்ணுங்க. கரன்ட் போய் வந்தால் பாஸ்வேர்ட் அடித்துத்தான் திறக்கும், அது கொஞ்சம் தொல்லை. வீடியோ இருக்கும் பகுதியை மட்டும் என்கிரிப்ட் பண்ணினால் சர்வர் தானாகக் கிளம்பும், சூப்பர்வைசர் வந்து பாஸ்வேர்ட் போட்ட பிறகு வீடியோ வரும்.

ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு வெளியிலிருந்து பார்க்க வழி விடவே கூடாது. ஆபீசிலிருந்து பார்க்கணும் என்றால் வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) போடுங்க. பல ஃபைபர் இணைப்புகளில் தனி ஐபி கிடைக்காது, அங்கேயும் டெயில்ஸ்கேல் ஓடும். புது வீடியோ வந்தால் நெட் இருக்கும் நேரத்தில் சின்க்திங் என்ற கோப்பு ஒத்திசைக்கும் மென்பொருள் தானாக இழுத்துக்கும். வைஃபையில் எந்தப் போன் வரலாம் என்று மேக் முகவரி (போனின் வைஃபை அடையாள எண்) வைத்துப் பூட்டுறதாக இருந்தால், ஆண்ட்ராய்டு 10-இலிருந்து போன் தானே போலி மேக் கொடுக்கும் என்பதை மறக்காதீங்க, அந்தப் பூட்டு உங்க ஆட்களையே வெளியே நிறுத்தலாம்.

நாலு பேருக்கு ஒரு போன் விஷயம்: போனை விட்டுருங்க. ஸ்டோருக்கு ஒரு 10 அங்குல டேப்லெட்டை சுவரில் மாட்டி, ஆப் பின்னிங் போட்டு அந்த ஒரு ஆப் மட்டும் ஓடும்படி வையுங்க. ஆளுக்கு நாலு இலக்க பின் கொடுத்தால் யார் எப்போ பார்த்தாங்க என்பதும் பதிவாகும். வேலை நடக்கும் இடத்திலேயே பார்க்கிறதால் சந்தேகத்தை மேஸ்திரியிடம் அங்கேயே கேட்டுக்குவாங்க. ட்ரையர் வீடியோ அந்த டேப்லெட்டில் மட்டும்தான் என்று முடிவு பண்ணினால், அதற்கு டிஆர்எம் செலவே வேண்டாம்.

---

பதில் 2: வாளையார்பாலம்

புளியரை சொன்ன டேப்லெட் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. கனமான வீடியோ அந்த அறையை விட்டே வெளியே போகாது.

எஸ்எம்எஸ் ஓடிபி வைக்கலாம், ஆனால் நினைத்த அன்றே முடியாது. டிராய் (தொலைத்தொடர்பு ஆணையம்) விதிப்படி நிறுவனம் ஏதாவது ஒரு டெலிகாம் கம்பெனியின் டிஎல்டி தளத்தில் (எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனங்களைப் பதியும் இடம்) பதிவு செய்து, அனுப்புநர் பெயரும் செய்தி வார்ப்பும் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி பெற்ற வார்ப்பில் ஒரு வார்த்தை மாறினாலும் செய்தி போகாது, உங்களுக்குப் பிழை என்றும் தெரியாமல் போகலாம். 70 பேருக்கு இவ்வளவு வேண்டாம். ஆபீஸ் ஆட்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் கூகுள் லாகின், ஸ்டோர் ஆட்களுக்கு டேப்லெட் பின். அட்மின் கணக்குக்கு மட்டும் கட்டாயம் ஆதென்டிகேட்டர் ஆப் போட்ட இரண்டடுக்கு லாகின். அட்மின் பாஸ்வேர்ட் போனால் 40 வீடியோவும் போகும்.

நெட் சுமாராக இருக்கும் மற்ற இரண்டு ஸ்டோருக்கு, தரப்படிகளில் 240பி-யும் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். 300 கேபிபிஎஸ் போதும், நிமிடத்துக்கு 2 எம்பி சொச்சம். ட்ரையரில் காட்டும் எண்கள் அந்தத் தரத்தில் மங்கும், அதனால் வெப்பநிலை, நேரம் எல்லாவற்றையும் படத்தின் மேல் பெரிய எழுத்தில் போட்டு எடிட் செய்யுங்கள்.

எல்லாம் ஏற்றிய பிறகு, யாருக்கும் அறிவிக்கும் முன்னால் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். ஒரு வீடியோவை ஓடவிட்டு, பிரவுசரின் டெவலப்பர் டூலில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பட்டியல் கோப்பு, ஒரு துண்டு, முகப்புப் படம் மூன்றின் முகவரியையும் நகலெடுங்கள். லாகின் செய்யாத இன்னொரு போனில், மொபைல் டேட்டாவில், ஒவ்வொன்றாகத் திறங்கள். பட்டியலும் துண்டும் காலாவதி நேரம் கடந்த பிறகு திறக்கவே கூடாது. சப்டைட்டில் கோப்பு போட்டிருந்தால் அதையும் பாருங்கள், வீடியோ பூட்டியிருக்கும், பேசியது முழுக்க எழுத்தில் திறந்து கிடக்கும். பிறகு ஒரு சோதனைக் கணக்கில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணக்கை நீக்கி, எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அந்த நேரம்தான் வேலையை விட்டுப் போகிறவருக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான அவகாசம்.

---

பதில் 1: லோயர்கேம்ப்

விட்டுப்போன இரண்டு விஷயம்.

வீடியோவில் தொழிலாளர்கள் முகம் தெரிகிறது, டேப்லெட்டில் யார் பார்த்தார்கள் என்று பதிவு எடுக்கிறீர்கள். இரண்டும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். வேலை சம்பந்தமான பயன்பாட்டுக்கும் தொழில் ரகசியத்தைக் காப்பதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று இருக்கிறது. ஒரு பக்க அறிவிப்பு எழுதி, தமிழ், மலையாளம், இந்தியில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள். அதிலேயே 'இந்த வீடியோக்கள் நிறுவனத்துக்குச் சொந்தம், படம் பிடிக்கவோ பகிரவோ கூடாது' என்ற வரியும் இருக்கட்டும். பின்னால் யூடியூபிலோ டெலிகிராமிலோ புகார் கொடுக்கும்போது ஒரிஜினல் கோப்பும், படம் எடுத்த தேதியும், இந்தத் தாளும் கையில் இருந்தால் வேலை சுலபமாகும்.

அடுத்தது கணக்கை நீக்குவது. கசிவு பெரும்பாலும் ஹேக்கரால் வருவதில்லை, யாரும் நீக்க மறந்த கணக்கால் வருகிறது. இதைக் கணக்குப்பிள்ளையிடமே ஒப்படையுங்கள். கடைசிச் சம்பளத்தைச் செட்டில் செய்யும் தாளில் 'வீடியோ கணக்கு நீக்கியாச்சு' என்று ஒரு கட்டம் சேர்த்து, அதில் டிக் விழாமல் பணம் போகக் கூடாது என்று வைத்தால் மறக்காது. ஏலக்காய் சீசனில் வந்து போகும் தற்காலிக ஆட்களுக்குக் கணக்கு திறக்கும்போதே முடியும் தேதியும் போட்டுவிடுங்கள்.

இப்போது யூடியூபில் கிடக்கும் அன்லிஸ்டட் வீடியோக்களை இன்றைக்கே பிரைவேட் ஆக்குங்கள், அழிக்க வேண்டாம். லிங்க் உடனே செத்துவிடும், ஆனால் ஏற்றிய தேதி உங்கள் கணக்கில் நிற்கும், உரிமைப் புகாருக்கு அது சான்று. வாட்ஸ்அப்பில் கோப்பாகவே போனவற்றைத் திரும்ப வாங்க முடியாது. அது கேலரியிலும், பேக்கப் போட்டிருந்தால் கூகுள் போட்டோஸிலும் உட்கார்ந்திருக்கும். ட்ரையர் வீடியோவை மட்டும் புதிதாக எடுத்து, ஸ்டோர் அடையாளம் எரித்து ஏற்றுங்கள். ஒரிஜினல்களை என்கிரிப்ட் செய்த இரண்டு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்று கம்பம் ஆபீசிலும் இன்னொன்று வேறொரு இடத்திலும் இருக்கட்டும்.